‘சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது?’ – வேலையிடக் கேள்வி பதில்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ராமநாதபுரம் கடற்கரையோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் மட்டும் இந்த இதழில். நண்டு கம்பெனி, ஐஸ் கம்பெனி, உப்பளம், லாட்ஜ், ஜவுளிக்கடை, கடல்பாசிக் குழு என்று தொழில்கள் வேறு வேறு. தலைப்பாக வைத்திருக்கும் வாசகம் மட்டும் ஏதோ ஒரு வடிவத்தில் பல கடிதங்களில் இருந்தது.

கேள்வி: எங்கள் நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் பிரிவுக்குப் புதிதாக வரும் பெண்கள் மூன்று வாரம்கூடத் தாங்குவதில்லை. சேர்ந்த அன்று அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொல்லி, வேகமாக எடுக்கும் ஒரு அக்கா பக்கத்தில் உட்கார வைக்கிறோம். கிலோக் கணக்கில் கூலி. அப்புறமும் ஏன் நின்றுவிடுகிறார்கள்?
– மேற்பார்வையாளர், மண்டபம்

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த அக்காவுக்கும் கிலோக் கணக்கில்தான் கூலி. பக்கத்தில் இருப்பவருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் தட்டில் சதை குறையும். அதனால் ‘பார்த்துக் கத்துக்கோ’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். புதியவருக்கோ கை வராததால் முதல் வாரக் கூலி பஸ் காசுக்கும் டீக்கும் போய்விடும். இரண்டு பேருக்கும் நஷ்டம். எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் அப்படி ஓர் ஏற்பாட்டில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

முதலில் கூலியைச் சரிசெய்யுங்கள். புதியவருக்கு முதல் மூன்று வாரம் கிலோக் கணக்கு வேண்டாம், நாள் கூலி கொடுங்கள். கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கு, கற்றுக்கொடுக்கும் நாட்களில் அவருடைய கடந்த மாதச் சராசரி நாள் வருமானத்தை அப்படியே கொடுங்கள். அவர் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் பார்க்க வேண்டாம்.

அடுத்தது சொல்லிக்கொடுக்கும் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளுக்குப் புது ஆட்களை அவசரமாகப் பழக்குவதற்காக அமெரிக்காவில் 1940-ல் ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டம் தொடங்கியது. கைவேலை கற்றுக்கொடுக்க அதைவிட எளிய முறை இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. வேலையை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரிப்பார்கள்: என்ன செய்ய வேண்டும், எதில் கவனம், ஏன். உங்கள் மேசைக்கு அதில் ஒரு வரி இப்படி வரும். செய்ய வேண்டியது: பின்துடுப்புக் காலோடு சேர்ந்த பெரிய சதையை எடுப்பது. கவனம்: மேலே மூடியிருக்கும் ஓட்டை முதலில் கத்தியால் திறந்துவிட்டு, சதையை நுனியில் கிள்ளாமல் அடியிலிருந்து முழுசாக எடுக்க வேண்டும். ஏன்: உடைந்தால் ‘ஜம்போ’ தரத்திலிருந்து இறங்கி விலை விழும்.

அந்த ‘ஏன்’ பத்தியைத்தான் எல்லா இடத்திலும் விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாதவர் மேற்பார்வையாளர் தலை மறைந்ததும் தனக்கு வசதியான வழிக்குப் போய்விடுவார்.

தாள் தயாரானதும் மூன்று முறை செய்துகாட்டுங்கள். முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் முறை கவனத்தைச் சேர்த்து, மூன்றாம் முறை காரணத்தையும் சேர்த்து. பிறகு அவரைச் செய்யவிடுங்கள். முதலில் பேசாமல் செய்யட்டும், தப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள். அடுத்து படிகளை வாயால் சொல்லிக்கொண்டே, அதற்கடுத்து கவனத்தையும் காரணத்தையும் சொல்லிக்கொண்டே செய்யட்டும். தலையை ஆட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் தலையாட்டுவது மரியாதை, அவ்வளவுதான்.

கிளா (கொடுக்கு) சதையில் ஆரம்பியுங்கள். அதன் விலை குறைவு, உடைந்தாலும் பெரிய இழப்பு இல்லை. ஜம்போவைக் கடைசியில் கொடுங்கள். ஓட்டுத்துண்டு பார்க்கும் நீல விளக்குக்கு அடியில் புதியவரின் தட்டை அவர் கண் முன்னாலேயே வைத்துக் காட்டுங்கள். மின்னும் துண்டுகளை அவரே எண்ணட்டும். மாலையில் கணக்குப் பார்த்துத் திட்டுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். முதல் நாள் நான்கு முறை, முதல் வாரம் நாளுக்கு இரண்டு முறை, பிறகு வாரம் ஒரு முறை போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஓர் ஆளைக் காட்டிவிடுங்கள். ‘யாரையாவது கேள்’ என்றால் புதியவர் யாரையும் கேட்கமாட்டார்.

கேள்வி: இறால் கம்பெனியில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். பணியாளர் ஈடுபாட்டை அளக்க செல்போனில் 40 கேள்விகள் அனுப்பினோம். செல்போன் எண், பிரிவு, வயது, ஆணா பெண்ணா என்பதையும் கேட்டிருந்தோம். ஏறக்குறைய எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார்கள். ஆனால் ஆட்கள் நிற்பது குறையவில்லை. எங்கே தவறு?
– வாசகர், தொண்டி பகுதி

பதில்: செல்போன் எண்ணைக் கொடுத்துத்தானே உள்ளே நுழைய வேண்டியிருந்தது? பிரிவு, வயது, ஆணா பெண்ணா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘தரம் பிரிக்கும் பிரிவு, 20–25, ஆண்’ என்றால் உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் தேறுவார்கள்? ஒருவர், மிஞ்சினால் இருவர். பெயர் கேட்காமலே பெயரைக் கேட்டுவிட்டீர்கள். அவர்களும் வம்பில்லாமல் ஐந்து போட்டுவிட்டார்கள்.

வேலையில் மனம் ஒன்றுவதைப் பற்றி நிர்வாகவியல் ஆய்வாளர் வில்லியம் கான் 1990-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘எங்கேஜ்மென்ட்’ என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது. அவர் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். செய்கிற வேலைக்கு அர்த்தம் தெரிய வேண்டும், மனசில் பட்டதைச் சொன்னால் தனக்குக் கெடுதல் வராது என்ற தைரியம் வேண்டும், வேலைக்குக் கொடுக்க உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். பிறந்தநாள் கேக்கும் பொங்கல் கோலப் போட்டியும் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றை ஈடுபாட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

இரண்டாவது நிபந்தனையை இன்னொரு நிர்வாகவியல் ஆய்வாளரான ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பார்த்தார். நல்ல தலைமை உள்ள செவிலியர் பிரிவுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறைச் சொல்ல யாரும் பயப்படவில்லை, அதனால் எல்லாம் ஏட்டுக்கு வந்தது. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். உங்கள் கம்பெனியில் ‘புகார் எதுவும் இல்லை’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

40 கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். மாதம் ஒரு முறை, பிரிவுக்கு ஐந்தாறு பேரை டீ நேரத்தில் உட்காரவைத்து, அவர்களுடைய நேரடி மேற்பார்வையாளர் இல்லாமல், மூன்றே கேள்வி கேளுங்கள். போன வாரம் எந்த வேலை உங்களை இழுத்தடித்தது? எந்தச் சாமான் சரியில்லை? போன முறை சொன்னதில் எது நடந்தது? பதில்களை ஒரு பலகையில் எழுதுங்கள்: சொன்னது, பார்ப்பவர், தேதி. யார் சொன்னது என்று எழுத வேண்டாம். ஏழு நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வர வேண்டும். ‘முடியாது, இந்தக் காரணத்தால்’ என்பதும் பதில்தான். பதிலே இல்லாமல் கிடக்கும் வரிதான் ஆட்களின் வாயை அடைக்கும்.

சின்னதில் தொடங்குங்கள். ஓட்டை விழுந்த கம்பூட்ஸ், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவு, பெண்களின் கைக்குப் பெரிதாக இருக்கும் கையுறை. இவை சரியான பிறகுதான் மேற்பார்வையாளரின் வாயைப் பற்றிப் பேசுவார்கள். அது வரும்போது நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடும் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார், வயது 60-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு இளைஞர்களைக் கூட வைத்தும் அவர் எதையும் சொல்லித்தருவதில்லை. மிரட்டினால் போய்விடுவாரோ என்று பயம். மீன்பிடித் தடைக்காலத்தில் இயந்திரத்தைப் பிரித்து மாட்டும்போது இளைஞர்களை விடுப்பில் அனுப்பிவிடுகிறேன்.
– உரிமையாளர், பாம்பன்

பதில்: அவருக்கும் அதே பயம்தான். தொழிலைச் சொல்லிக்கொடுத்த மறுநாள் ‘பெரியவரே, வீட்டுல ஓய்வெடுங்க’ என்று சொல்லிவிடுவீர்களோ என்று. அந்தப் பயம் இருக்கும்வரை வாய் திறக்காது. எனவே பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். எத்தனை வருடம் வைத்துக்கொள்வீர்கள், ராத்திரி ஷிப்டிலிருந்து எப்போது விடுவிப்பீர்கள், கற்றுக்கொடுப்பதற்குத் தனியாக என்ன சம்பளம் என்று எழுதியே கொடுங்கள். இளைஞர்கள் முன்னால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு, கணக்குப்பிள்ளையிடம் ‘கிழவன்’ என்று பேசினால் அது அன்றைக்கே அவர் காதுக்குப் போய்விடும்.

அவரை எழுதச் சொல்லாதீர்கள். எழுதுவது இளைஞர்களின் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சக்‌ஷன் பிரஷர், டிஸ்சார்ஜ் பிரஷர் (கம்ப்ரஸருக்குள் போகும், வெளிவரும் வாயுவின் அழுத்தங்கள்), உப்புத்தண்ணித் தொட்டியின் வெப்பநிலை, எண்ணெய் மட்டம் ஆகிய நான்கையும் நோட்டில் குறிக்கட்டும். கடைசிப் பத்தியில் ‘அண்ணாச்சி என்ன சொன்னார்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். ‘சத்தம் கனமா இருக்கு’ என்று அவர் சொன்ன நேரத்தில் முள் எங்கே நின்றது என்று ஒரே வரியில் பதிவாகும். சில மாதத்தில் அவர் காது கேட்பதற்கும் கேஜ் காட்டுவதற்கும் உள்ள தொடர்பு பிடிபடத் தொடங்கும். செல்போனில் அந்தச் சத்தத்தையும் பதிந்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகக் கேட்டால் அவருக்குச் சொல்ல வராது. குறிப்பாகக் கேட்கப் பழக்குங்கள். ‘இந்த ஐஸ் பார் நடுவுல வெள்ளையா இருக்கே, ஏன்?’ என்று கேட்டால் உடனே சொல்வார். ஐஸ் வார்க்கும் கேனில் தண்ணீர் சுவரிலிருந்து உள்நோக்கி உறைகிறது, கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே சிக்கிக்கொள்கின்றன. காற்றுக் குழாய் சரியாகக் கலக்கவில்லை என்றால் வெள்ளை கூடும். இப்படித் தினம் ஒரு ‘ஏன்’ போதும்.

இந்த வேலைக்குப் பொருத்தமான காலம் உங்கள் கடற்கரைக்கே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, ஐஸ் தேவை இறங்கிவிடும். இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் அந்த நாட்களில் இளைஞர்களை விடுப்பில் அனுப்புகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதுதான் அவர்கள் அங்கே இருக்க வேண்டும். முதலில் அண்ணாச்சி பிரிக்கட்டும், அவர்கள் மாட்டட்டும். அடுத்து அவர்கள் பிரிக்கட்டும், அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். அவருக்கு அதுதான் கஷ்டம்.

ஒன்றை மட்டும் யாருடைய மனநிலைக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்: இயந்திரத்தில் குளிரூட்ட ஓடும் அம்மோனியாவின் கசிவு. அது எல்லா ஷிப்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகமான இணைப்பில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டினால் கசிவிருந்தால் நீலமாகும். பெரிய கசிவென்றால் காற்றின் திசைக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாகப் போக வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் ஒரு வாசல், வாடைக் காற்றில் வேறு வாசல் என்பதால் இரண்டையும் ஓடிப் பழகட்டும். திரவமாகத் தேங்கிய அம்மோனியா மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஆவி இன்னும் வேகமாகக் கிளம்பும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை, அதில் ஒன்றாவது ராத்திரியில்.

கேள்வி: உப்பளத்தில் என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். வயது 26. எனக்குக் கீழே வேலை செய்பவர்களில் சித்தப்பாவும் இரண்டு மாமாக்களும் இருக்கிறார்கள். வேலை சொன்னால் ‘நேத்துப் பொறந்த பய’ என்கிறார்கள்.
– வாசகர், வாலிநோக்கம் பகுதி

பதில்: முறை வைத்துக் கூப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். மேஸ்திரி ஆனதும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் ஊருக்குள் தலை காட்ட முடியாது, வேலையும் நடக்காது. ‘மாமா, நாளைக்கு மேற்குப் பாத்தி உங்களுக்கு’ என்று சொல்லலாம். ‘மாமா, கொஞ்சம் முடிஞ்சா அந்தப் பக்கம்…’ என்று இழுக்கக்கூடாது. மரியாதை விளியில் இருக்கட்டும், வேலை தெளிவாக இருக்கட்டும்.

சண்டை வழக்கமாக மூன்று இடத்தில்தான் வரும்: யாருக்கு எந்தப் பாத்தி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு கூலி, லீவு. மூன்றையும் உங்கள் வாயிலிருந்து எடுத்துத் தாளில் போட்டுவிடுங்கள். பாத்தி வாரச் சுழற்சியில் வரட்டும், முதல் வாரம் கஷ்டமான பாத்தி உங்கள் சித்தப்பாவுக்கு வந்தால் வந்ததுதான். கூலி அளவை எல்லார் முன்னிலையிலும் அளந்து, அங்கேயே எழுதி, அங்கேயே வாசியுங்கள். யாரையும் கூட்டத்தில் கண்டிக்காதீர்கள். மாமாவை மருமகன் நாலு பேர் முன்னால் திட்டினால் அது கல்யாண வீடு வரைக்கும் போகும்.

அவர்களுக்குத் தெரிந்ததும் உங்களுக்குத் தெரிந்ததும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. கடல்நீர் சுமார் 3 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு). 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளையும். 29, 30-க்கு மேல் போக விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசப்பேறும், உப்பு ஈரம் கோக்கும். நீங்கள் அதை அளக்கும் மானியை விட்டுப் பார்க்கிறீர்கள், சித்தப்பா தண்ணீரின் நிறத்தையும் கையில் படும் பிசுபிசுப்பையும் வைத்துச் சொல்கிறார். முதலில் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மானியை விடுங்கள். அவர் சொன்னதும் மானியும் ஒத்துப்போனால் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். வேறுபட்டால் மானியை அவர் கையில் கொடுங்கள், நீங்கள் வாசிக்காதீர்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேலாளர். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம் முடிந்ததும் பாதி ரூம் பாய்கள் நின்றுவிடுகிறார்கள். சம்பளத்தை ஏற்றினாலும் அதே கதை.

பதில்: கூட்ட நாட்களில் அவர்களுக்கு வார விடுமுறை கிடையாது, சாப்பாட்டு நேரம் கிடையாது, கூட்டம் முடிந்தபின் அதற்கு ஈடும் கிடையாது. சம்பளம் ஏறினாலும் தூக்கம் திரும்பி வராதே. அமாவாசைத் தேதிகள் பஞ்சாங்கத்தில் ஒரு வருடத்துக்கு முன்பே இருக்கின்றன. ஷிப்டுப் பட்டியலைக் குறைந்தது பத்து நாள் முன்னதாக ஒட்டுங்கள், அதே தாளில் யாருக்கு எந்தத் தேதியில் ஈட்டு விடுமுறை என்பதும் இருக்கட்டும். கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும்.

உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உதாரணமாக மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் முதல் ஆறு வாரம் பாதி வேலைதான் செய்வார் என்றால் 9,000 ரூபாய் போய்விடுகிறது. அதில் அவருக்குச் சொல்லித்தரும் மூத்தவரின் நேரம், ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கான பணம், ஒழுங்காகத் துடைக்காத அறைக்குக் கொடுத்த தள்ளுபடி எதுவும் சேரவில்லை. வருடத்துக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

நின்ற பிறகு ஏன் நின்றாய் என்று கேட்பதில் பயனில்லை. ‘ஊர்ல வேலை இருக்கு’ என்பார். இருக்கும்போதே, சேர்ந்த 7-ம் நாள், 30-ம் நாள், 90-ம் நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்து என்ன கற்க ஆசை என்று கேளுங்கள். வடக்கே இருந்து வரும் யாத்ரீகர்களிடம் பேச 30 இந்தி வாக்கியம் தெரிந்த பையனை ரிசப்ஷனில் ஒரு ஷிப்டு நிற்கவைக்கலாம். போக ஒரு படி மேலே இருக்கிறது என்று தெரிந்தால் வெளியே போகும் அவசரம் குறையும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் தப்பாக நினைப்பார்கள் என்கிறார் முதலாளி. நாள் முழுக்க நிற்கிறோம்.
– வாசகி, கீழக்கரை

பதில்: வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்பதற்கு முன்னால் சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி செய்துதர வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் போட்டால் இடமும் அடைக்காது, ஆள் வந்ததும் எழுவதும் சுலபம்.

கேள்வி: ஐந்து பெண்கள் சேர்ந்து கடல்பாசி வளர்க்கிறோம். நான் தலைவி. கணக்கு, பேங்க், வியாபாரி எல்லாம் நானே பார்க்கிறேன். மற்றவர்கள் ‘நீயே பாத்துக்க’ என்று ஒதுங்கிவிட்டு, பின்னால் பேசுகிறார்கள்.
– வாசகி, ராமேஸ்வரம் தீவு

பதில்: எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால் மற்ற நால்வருக்கும் பின்னால் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லையே. வேலையைப் பிரியுங்கள். பாசி வளர்க்கும் தெப்பம் 12-க்கு 12 அடி, 60 கிலோ விதைப்பாசி, சுமார் 45 நாளில் அறுவடை என்பதால் ஒவ்வொரு சுற்றும் தானாகவே ஒரு தவணை. ஒரு சுற்றுக்கு ஒருவர் எடை எழுதட்டும், ஒருவர் வியாபாரியிடம் பேசட்டும், ஒருவர் தினமும் கயிற்றைப் பார்க்கட்டும்: தண்டு வெளுக்கிறதா, ஓரா மீன் கடித்திருக்கிறதா. அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முறை விலை பேசத் தெரியாமல் ஒருவர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் விட்டுவிட்டு வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். எடைச்சீட்டையும் பாஸ்புக்கையும் அறுவடையன்று கரையிலேயே வாய்விட்டு வாசியுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் காது உண்டு.

கேள்வி: நான் மேலாளர் இல்லை, மீன் ஏற்றும் வேலைக்காரன். பெட்டியில் கைப்பிடி உடைந்து கையைக் கிழிக்கிறது. இரண்டு முறை சொல்லியும் பலனில்லை. எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?
– வாசகர், மூக்கையூர்

பதில்: ‘பெட்டியெல்லாம் மோசமா இருக்கு’ என்று சொன்னால் அது புலம்பல் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். எண்ணிச் சொல்லுங்கள். சுமை இறக்கி முடிந்து முதலாளி கணக்குப் பார்க்க உட்காரும் நேரத்தில், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு, உடைந்த பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். ‘அண்ணே, 40 பெட்டியில 11-க்குக் கைப்பிடி இல்ல. போன வாரம் மூணு பேருக்குக் கை கிழிஞ்சுது, ரெண்டு பெட்டி நழுவி மீன் மண்ணுல கொட்டுச்சு. இந்த 11-க்கும் நைலான் கயிறு கட்டுனா போதும், நாங்களே கட்டிடுறோம், கயிறு மட்டும் வாங்கித் தாங்க’ என்று, உங்கள் கணக்கை வைத்துச் சொல்லுங்கள்.